கிரகணத்தோடு எழுந்த நிலா: பெசன்ட் நகர் கடற்கரை, 2018 ஜனவரி 31

2018 ஜனவரி 31, புதன்கிழமை, தைப்பூசம். அந்த ஜனவரியில் வந்த இரண்டாவது பௌர்ணமி அது. முந்தைய நாள்தான் நிலா பூமிக்கு அருகே, சுமார் 3,59,000 கி.மீ. தொலைவு வரை வந்திருந்தது. அன்று மாலை முழு சந்திர கிரகணமும் சேர்ந்துகொண்டது. இந்திய நேரப்படி மாலை 5.18-க்கு பூமியின் நிழல் நிலாவைத் தொட்டது. 6.21-க்கு முழுதாக மூடியது. 7 மணிக்கு உச்சம், 7.37-க்கு முழு மறைவு முடிவு, 8.41-க்கு நிழல் விலகியது.

சென்னைக்காரர்களுக்கு முக்கியமான நேரங்கள் வேறு இரண்டு. நிலா எழுந்தது 6.04-க்கு. சூரியன் மறைந்தது 6.09-க்கு. அதாவது வங்கக் கடலிலிருந்து மேலே வரும்போதே நிலாவின் முக்கால் பங்கை நிழல் விழுங்கியிருந்தது. அடுத்த பதினேழு நிமிடத்தில் மீதியும் போனது. கடலில் எழும் நிலாவைப் படம் எடுப்பவர்களுக்கு இதைவிடக் கடினமான மாலை வாய்ப்பது அரிது. அதனால்தான் அந்த மாலையை விரிவாக எழுதுகிறேன். வழக்கமான பௌர்ணமியில் நாம் யோசிக்காமலே நம்பியிருக்கும் பல விஷயங்கள் அன்று ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. எது எதை நம்பியிருக்கிறோம் என்பது அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

முதலில் வழக்கமான பௌர்ணமியைப் பார்ப்போம். சூரியன் மேற்கில் இறங்கும் நேரத்தில் நிலா கிழக்கில் ஏறுகிறது. அந்தி வெளிச்சம் இன்னும் கடல்மேல் இருக்கிறது. அடிவானத்தின் தடித்த காற்று நிலாவின் வெளிச்சத்தைக் குறைத்து, ஆரஞ்சு நிறமாக்கித் தருகிறது. வானமும் நிலாவும் ஏறக்குறைய ஒரே அளவு பிரகாசத்தில் இருக்கும் சில நிமிடங்கள் கிடைக்கின்றன. அந்த நிமிடங்களில் எடுத்தால் நிலாவின் கறைகளும் தெரியும், அலையும் தெரியும், முன்னால் நிற்கும் படகும் தெரியும். அவை கடந்துபோனால் நிலா வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும், கடல் கருத்துவிடும். பௌர்ணமிக்கு முந்தைய மாலையைப் பலர் தேர்ந்தெடுப்பதும் இதற்காகத்தான். அன்று நிலா சூரியன் மறைவதற்கு முன்பே எழுந்துவிடுவதால், கரையில் போதுமான வெளிச்சம் மிச்சமிருக்கும். இங்கே ஜனவரி 30-ஆம் தேதி நிலா எழுந்தது ஐந்து மணி சுமாருக்கு.

கிரகணத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. முழு மறைவில் நிலாவின் பிரகாசம் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் குறையும். ஆனால் 6.21-க்குச் சூரியன் அடிவானத்துக்குக் கீழே இறங்கியிருந்தது நான்கு டிகிரிகூட இல்லை, கிழக்கு வானம் வெளிச்சமாகத்தான் இருந்தது. ஆக நிலா மங்கும் வேகத்துக்கு வானம் ஈடுகொடுக்க முடியாது. நிலா வானத்தில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. இருட்டு வந்து அதைக் காட்டிக் கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அது எவ்வளவு உயரம் ஏறிவிடும், அப்போதும் கடலையும் அதையும் படத்தின் ஒரே சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) வைக்க முடியுமா? அன்றைய முழுத் திட்டமும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

இடம்

ஊரூர் ஆல்காட் குப்பத்தை ஒட்டிய மணலைத் தேர்ந்தெடுத்தேன். பெசன்ட் நகரின் எலியட்ஸ் கடற்கரையில் எல்லோரும் போய் நிற்கும் இடம் ஷ்மிட் நினைவுச் சின்னம். 1930-இல் கடலில் சிக்கியவரைக் காப்பாற்றப் போய் உயிரை விட்ட டென்மார்க் மாலுமியின் நினைவாக எழுப்பிய வெள்ளைக் கட்டடம் அது. எனக்கு மிகவும் பிடித்த கட்டடம். ஆனால் விழா நாள் மாலையில் அதைச் சுற்றி நிற்கும் கூட்டத்தைச் சட்டத்திலிருந்து விலக்க வழியில்லை. குப்பத்துப் பக்கம் ஃபைபர் படகுகள் மணலில் வரிசையாகக் கிடக்கும், ஆள் நடமாட்டமும் குறைவு.

திசை கணக்கிடுவது எளிது. ஜனவரி கடைசியில் சூரியன் தென்கிழக்கில் எழுந்து தென்மேற்கில் மறைகிறது. எதிரே நிற்கும் பௌர்ணமி நிலா அதே அளவு வடக்கே தள்ளி எழும். சென்னையிலிருந்து பார்க்க, நேர் கிழக்கிலிருந்து சுமார் 17 டிகிரி வடக்கே. பெசன்ட் நகர் கரை ஏறக்குறைய தெற்கு வடக்காக ஓடுவதால், அந்தத் திசையில் பார்த்தால் முழுக்கத் தண்ணீர்தான். முன்னால் வைக்க நிலத்தில் எதுவும் கிடையாது. நிலாவின் அகலத்துக்குச் சமமாக ஒரு படகு தெரிய வேண்டுமென்றால், ஒன்பது மீட்டர் நீளப் படகு நம்மிடமிருந்து 900 மீட்டருக்கு மேல் தள்ளிக் கடலில் நிற்க வேண்டும். சொல்லிவைத்து நிறுத்தக்கூடிய விஷயமில்லை அது. கரையில் கிடக்கும் படகைத்தான் படத்தின் முன்பக்கத்தில் வைப்பது என்று முடிவானது.

இன்னொரு சாதகமும் இருந்தது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஐரோப்பாவில் நிலா சாய்வாக வழுக்கிக்கொண்டு ஏறும். இங்கே ஏறக்குறைய செங்குத்தாக ஏறும். எழுந்ததிலிருந்து 7 மணிவரை அன்று நிலா 12 டிகிரிக்கு மேல் உயர்ந்தது, வலப்பக்கம் நகர்ந்தது இரண்டரை டிகிரி சுமார். நிலாவே தெரியாத நேரத்திலும் அது எங்கே இருக்கும் என்று கை நீட்டிச் சொல்ல முடியும். அன்று இதுதான் என்னைக் காப்பாற்றியது.

லென்ஸ், தூரம்

கடலில் நிலா என்றதும் 400 மி.மீ., 600 மி.மீ. என்று நீளமான லென்ஸைத்தான் மனம் தேடும். அடிவானத்தை ஒட்டிய நிலாவுக்கு அது சரி. ஆனால் 200 மி.மீ. லென்ஸை நெடுக்குவாக்கில் பிடித்தாலே உயரத்தில் கிடைப்பது 10 டிகிரிதான். நிலா நன்றாகத் தெரியும் நேரத்தில் அது எட்டு, ஒன்பது டிகிரி உயரத்தில் இருக்கும் என்று கணக்கு சொன்னது. அதோடு அடிவானமும் படகும் மணலும் வேண்டும். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 135 மி.மீ., நெடுக்குவாக்கில், 15 டிகிரி. அதுதான் அந்த மாலைக்கான லென்ஸ். 70-200 ஜூம் ஒன்றில் அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டேன். நிலா சிறியதாகத்தான் விழும், படம் பதியும் சென்சாரில் 1.3 மி.மீ. அதற்கு நான் சம்மதித்தேன். நீளமான லென்ஸில் நிலாவைத் தனியாக எடுத்து, அகலமான கரைப் படத்தின்மேல் ஒட்டுவது இப்போது எங்கும் நடக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே நின்றவனுக்குத் தெரியாத ஒரு கடலை அது காட்டுகிறது.

படகுக்கு எவ்வளவு பின்னால் நிற்பது என்பதை ஃபோகஸ்தான் தீர்மானித்தது. படகுக்கு 20 மீட்டரில் நின்றால், 135 மி.மீ.-இல் நிலாவும் படகும் ஒன்றாகத் துல்லியமாக வரவே வராது, ஒன்று கரைந்துபோகும். லென்ஸின் திறப்பை எஃப் 5.6-இல் வைத்து, சுமார் 110 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், 55 மீட்டரிலிருந்து நிலாவரை எல்லாமே போதுமான தெளிவில் வந்துவிடும். ஆகவே 80 மீட்டர் பின்வாங்கினேன். பெசன்ட் நகர் மணல் அகலமானது, அதற்கு இடம் உண்டு. அந்தத் தூரத்தில் பக்கவாட்டாகக் கிடக்கும் படகு சட்டத்தின் அகலத்தில் முக்கால் பங்குக்குள் அடங்கும். அதன் உயரம் நிலாவைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். படகு படகாகவும் நிலா நிலாவாகவும் தெரிகிற அளவு. ஃபோகஸ் செய்ய, படகுக்கு அப்பால் அலை உடையும் வெள்ளைக் கோட்டை எடுத்துக்கொண்டேன். அந்தி வெளிச்சம் இருக்கும்போதே லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) பெரிதாக்கிப் பார்த்து, வளையத்தை அசையாமல் டேப் போட்டு ஒட்டிவிட்டேன். இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் மங்கிய நிலாவைத் தேடித் தேடிச் சோர்ந்துபோகும்.

வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நான் எந்தப் படகைக் குறிவைக்கிறேன் என்று கவனித்துவிட்டு, "தம்பி, அத விட்டுடு. பௌர்ணமி இல்லியா, கடல் ஏறும். அத மேல இழுத்துடுவாங்க. இதோ இது இங்கியேதான் கெடக்கும்" என்று வேறொன்றைக் காட்டினார். "சரிங்க ஐயா" என்று இடம் மாறினேன். அவர் சொன்னபடியே ஆறரைக்குள் முதல் படகை நான்கு பேர் மேலே இழுத்துக்கொண்டு போனார்கள். பௌர்ணமி, அமாவாசை நாட்களில் கடல் ஏற்றம் கூடுதல் என்பது நமக்குப் பாடம், அவர்களுக்கு வேலை. கரையில் எதையாவது நம்பிச் சட்டம் போடுவதற்கு முன்னால் அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

6.04 முதல் 6.40 வரை

6.04-க்கு எதுவும் தெரியவில்லை. அடிவானத்தை ஒட்டிக் கடலுக்கே உரிய ஈர மூட்டம், சாம்பல் கலந்த இளஞ்சிவப்பில். நங்கூரமிட்டு நின்ற கப்பல்களின் அடிப்பாகமே அதில் கரைந்திருந்தது.

கணக்குப்படி, 6.09-க்குச் சூரியன் மறையும்வரையான அந்த ஐந்து நிமிடங்களில் ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருந்தது. கிழக்கே கிரகணம் பிடித்த நிலாவும், மேற்கே கட்டடங்களுக்குப் பின்னால் சூரியனும், இரண்டுமே அடிவானத்துக்கு மேலே. கிரகணம் என்றால் சூரியன், பூமி, நிலா ஒரே கோட்டில் இருக்க வேண்டும், அப்படியானால் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கியிருக்க வேண்டும். ஆனால் அடிவானத்தில் காற்று ஒளியை அரை டிகிரிக்கு மேல் வளைக்கிறது. அது நிலாவின் முழு அகலத்தைவிடக் கூடுதல். உண்மையில் அடிவானத்துக்குக் கீழே இருப்பதையும் தூக்கிக் காட்டிவிடுகிறது. மூட்டமில்லாத, இரு பக்கமும் திறந்த ஓர் இடத்தில் நின்றிருந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். சென்னைக் கரையில் மேற்குப் பக்கம் முழுக்க வீடுகள்.

நிலா இரண்டு டிகிரி உயர்ந்த பிறகுதான், ஏறக்குறைய 6.13-க்கு, மூட்டத்துக்கு மேலே ஒரு கீற்று தெரிந்தது. நகத்தளவு, செம்மஞ்சள், மேல்பக்கம் வளைந்தது. கீழே இருக்க வேண்டிய வட்டம் எங்கும் இல்லை. நம் ஊரில் நிலா எழும்போது அதன் கிழக்கு விளிம்பு கீழே, கடலைப் பார்த்து இருக்கும். நிழலுக்குள் முதலில் நுழைவது அந்த விளிம்புதான். எனவே கீழ்ப்பாதி இருண்டு, மேல் வலது ஓரம் மட்டும் கடைசிவரை ஒளியோடு இருந்தது. அந்தக் கீற்றை எடுக்க எஃப் 5.6, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 400, ஒரு நொடியில் 60-இல் ஒரு பங்கு போதுமாக இருந்தது. நிமிடத்துக்கு நிமிடம் அது மெலிந்தது. 6.20-க்கு ஒரு நூல். பிறகு அதுவும் இல்லை.

பக்கத்தில் நின்ற பலர் மேகம் மறைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு கிளம்பத் தொடங்கினார்கள். வானம் வெறுமையாக, அழகான நீலத்தில் இருந்தது. நிலா அங்கேதான், கடலுக்கு நான்கு டிகிரி மேலே. அந்தி வெளிச்சமும் தாழ்ந்த காற்றும் சேர்ந்து அதை முழுக்க மூடிவிட்டிருந்தன. அவ்வளவு தாழ்வில், தலைக்கு மேலே இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் கூடுதலான காற்றைத் துளைத்துக்கொண்டு ஒளி வர வேண்டும். ஏற்கனவே செம்பு நிறத்தில் மங்கிய நிலாவுக்கு அது பெரிய இழப்பு.

இந்த இடைவெளியில் ட்ரைபாடை அசைக்காமல் இருந்ததுதான் நான் செய்ததிலேயே பயனுள்ள காரியம். கீற்று கடைசியாகத் தெரிந்த இடத்தை வைத்து, அது எந்தப் பாதையில் ஏறும் என்பது தெரிந்துவிட்டது. சட்டத்தைச் சரிசெய்து, சில நிமிடத்துக்கு ஒரு சோதனைப் படம் எடுத்தேன். கண்ணுக்குத் தெரியும் முன்பே கேமராவுக்குத் தெரிந்தது. 6.33-க்கு எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கியபோது, நீலத்துக்குள் பழுப்பாக ஒரு வட்டம். கண்ணால் பார்க்க இன்னும் சில நிமிடங்கள் ஆயின. முதலில் நேராகப் பார்த்தால் தெரியாமல், சற்றுத் தள்ளிப் பார்த்தால் தெரிந்தது. கிளம்பிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துக்கு அந்த இடத்தைக் காட்டினேன். அந்த வீட்டுப் பாட்டி எல்லோருக்கும் முன்னால் கண்டுபிடித்துவிட்டார்.

6.45

அந்த மாலையின் படம் 6.45-ஐ ஒட்டிய பத்து நிமிடங்களில் கிடைத்தது. சூரியன் ஒன்பது டிகிரி கீழே. நிலா ஒன்பதரை டிகிரி மேலே. வானம் அடர்நீலம், அடிவானத்தில் இன்னும் கொஞ்சம் ஊதா. நிலா பழுத்த செங்கல் நிறத்தில், மேல் வலப்பக்கம் சற்று வெளுத்து. நிழலின் மையத்துக்குத் தெற்கே நிலா கடந்துபோன கிரகணம் அது. தென்விளிம்பு நிழலின் ஓரத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் அங்கே வெளிச்சம் கூடுதல், அந்தத் தென்விளிம்பு எழும் நிலாவில் நமக்கு வலப்பக்கமாக அமைகிறது.

எஃப் 5.6, ஐஎஸ்ஓ 3200, ஒரு நொடி. இதற்கு மேல் ஷட்டரை நீட்ட முடியாது. பூமி சுழல்வதால் நிலா இரண்டு நிமிடத்தில் தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடும். 135 மி.மீ.-இல் ஒரு நொடி என்றால் ஒன்றரை, இரண்டு பிக்சல் கலங்கல், கண்ணுக்குத் தெரியாது. நான்கு நொடி வைத்தால் ஓரங்கள் குழைந்துவிடும். அதைவிட ஐஎஸ்ஓவை ஏற்றி, வரும் புள்ளிகளைப் பொறுத்துக்கொள்வது மேல். நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்திலேயே நிறுத்தினேன். ஆட்டோவில் விட்டிருந்தால் கேமரா அந்தச் சிவப்பைத் தவறு என்று நினைத்துத் திருத்தப் பார்க்கும். அன்று நிலாவின் சிவப்பு இரட்டைச் சிவப்பு. பூமியைச் சுற்றியுள்ள காற்றுக்குள் வளைந்து போன சூரிய ஒளி நிலாவில் விழுந்தபோது ஒருமுறை சிவந்தது. அது திரும்பி வந்து வங்கக் கடலின் மூட்டத்தைத் துளைத்தபோது மறுபடி சிவந்தது. அதைத் திருத்த நான் யார்?

படகின் மேல் கடற்கரைச் சாலை விளக்குகளின் வெளிச்சம் பின்னாலிருந்து மெல்ல விழுந்தது. தனியாக டார்ச் அடிக்கத் தேவைப்படவில்லை.

ஒன்று மட்டும் கிடைக்கவே இல்லை. நிலாவிலிருந்து கரைவரை தண்ணீரில் ஓடிவரும் ஒளிப்பாதை. கடலில் நிலா என்ற படத்துக்கு உயிரே அதுதான் என்று நினைப்பவன் நான். கிரகண நிலாவுக்குக் கடலைப் பளபளக்கச் செய்யும் தெம்பு இல்லை. தண்ணீரில் தெரிந்ததெல்லாம் வானத்தின் நீலமும் கரை விளக்குகளும்தான். படத்தை முதலில் பார்க்கும் யாருக்கும் ஏதோ குறைவதாகத் தோன்றும், என்னவென்று உடனே சொல்லத் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்தபின் அதுதான் அந்தப் படத்தின் பலம் என்று எனக்குத் தோன்றியது. ஒளி தராத நிலா, கடலுக்கு மேலே ஒரு கல்லைப்போல உருண்டையாக நிற்கிறது. சாதாரணப் பௌர்ணமியில் தட்டையாகத் தெரிவது, மறைவில்தான் பந்தாகத் தெரிகிறது.

7 மணி உச்சத்தில் நிலா 12 டிகிரியைத் தாண்டிவிட்டது. வானமும் முழுக்க இருண்டு, சட்டத்தில் அடிவானமே தெரியவில்லை. நிலாவைத் தனியாக எடுக்க நல்ல நேரம், கடலோடு எடுக்க அல்ல. 7.37-க்குப் பிறகு ஒளி திரும்பியது. அப்போது அது 21 டிகிரி உயரத்தில், கரைக்குச் சம்பந்தமில்லாத நிலா. எட்டேகால் மணிக்கு மேல்தான் தண்ணீரில் மினுக்கம் வந்தது. அப்போது எடுத்ததெல்லாம் எல்லா மாதமும் எடுப்பதைப்போலத்தான் இருக்கிறது.

அடுத்து வந்த கிரகணங்களில்

2022 நவம்பர் 8-லும் நிலா சென்னையில் கிரகணத்தோடுதான் எழுந்தது, ஏறக்குறைய இதே திசையில், 5.38 சுமாருக்கு. ஆனால் முழு மறைவு 5.12-க்கே முடிந்திருந்தது, 6.19-க்கு நிழல் விலகியது. எனவே அமைப்பு நேர் எதிர். முதலில் நிழலுக்குள் போன கிழக்கு விளிம்பே முதலில் வெளியே வரும். எழும் நிலாவில் ஒளி கீழ்ப்பக்கம், இருட்டு மேலே. கடலைத் தொட்டபடி ஒளிக்கிண்ணம் ஒன்று ஏறுவதாக அது அமையும். நிமிடத்துக்கு நிமிடம் நிலா பிரகாசமாகிக்கொண்டே போகும், வானம் இருண்டுகொண்டே போகும். இரண்டும் நமக்குச் சாதகம். காத்திருந்து தேட வேண்டியதில்லை. நீளமான லென்ஸை எடுத்துக்கொண்டு அடிவானத்திலேயே நிற்கலாம். நவம்பர் என்பதால் வடகிழக்குப் பருவமழை மேகம்தான் கவலை.

2026 மார்ச் 3 கிரகணமும் அந்த வகைதான். முழு மறைவு 5.33-க்கு முடிவு, சென்னையில் நிலா எழுவது ஆறே கால் சுமாருக்கு, சூரியன் மறையும் அதே நேரத்தில். 6.47-க்கு நிழல் முழுக்க விலகுகிறது. நிழல் தெரியும் அரை மணி நேரத்தில் நிலா ஏழு டிகிரிதான் ஏறும் என்பதால், 200 மி.மீ. லென்ஸில் நெடுக்குவாக்காகப் பிடித்தால் கடலும் நிலாவும் கடைசிவரை ஒன்றாக நிற்கும். இந்த வகைக் கிரகணத்துக்கு கேமராவுக்குள் விடும் ஒளியைக் குறைவாக வைத்துத் தொடங்கி, நிலா ஏற ஏற இன்னும் குறைத்துக்கொண்டே வர வேண்டும். 2018-இல் செய்ததற்கு முழுக்க மாறான வரிசை. கையிலிருக்கும் பழைய குறிப்புகளை அப்படியே எடுத்துப்போனால் ஒளிக்கீற்று வெளுத்துப்போய்விடும்.